மணிக்கொரு சொட்டு

இன்று காலை ஆண்டுப் பரிசோதனையில் கண்ணில் ஒரு சொட்டு விட்டார்கள். அந்தச் சிறு எரிச்சலோடு, இமையை விலக்கிப் பிடிக்கும் உங்கள் விரல்கள் நினைவுக்கு வந்தன, அக்கா.

பஞ்சுத்தூசி விழுந்தால் பனியன் துணிக் கழிவைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் கம்பெனி வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை படித்த நானும் அதையே செய்தேன். தண்ணீரில் வாழும் அரிய கிருமி கருவிழியை அரிக்கத் தொடங்கிவிட்டது என்றார் மருத்துவர். மணிக்கொரு முறை இரண்டு மருந்துகள், இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. தவறினால் வலக்கண் போய்விடும். ஏற்றுமதி நெருக்கடி என்று முதலாளி ஒரு வாரத்துக்கு மேல் விடுப்புத் தரவில்லை.

நானே விட்டால் வலியில் இமை மூடிக்கொள்ளும். செக்கிங் பிரிவில் மணிக்கொரு முறை உற்பத்தியைப் பலகையில் எழுதுவது உங்கள் வேலை. எழுதியதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்தாறிய நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, மருந்து விட என் அலுவலக அறைக்கு வருவீர்கள்.

"கண்ண இறுக்காதிய சார், மருந்து காதுக்குப் போவுது."

ஒருநாள் முதலாளி வாசலில் நின்றார். "ஏனுங்கம்மா, உங்களுக்குச் செக்கிங் வேலைங்களா, நர்சு வேலைங்களா?"

"பீசுல ஓட்டைன்னா ஆல்டர் பண்ணிரலாம் மொதலாளி. சாரு கண்ணுல ஓட்டை விழுந்தா யாரு ஆல்டர் பண்ணுவா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுவாரம் உங்களை மாடியில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் மணிதோறும் படியிறங்கி வந்தீர்கள், ஐந்து மாதம். கண் பிழைத்தது.

போன மாதம் வீரபாண்டியில் உங்கள் வீட்டில், உங்கள் உடலருகே, உங்கள் மகள் சொன்னாள்: "அந்தப் பேச்சுக்குத்தான் சார் பேக்கிங்ல போட்டாங்க. நாள் முழுக்க நிக்கணும், அம்மாவுக்குக் கால் வீங்கிரும். அம்மாதான், சார்ட்ட சொல்லிராத, அவரு சண்டைக்குப் போவாரு, என்னய வேலய விட்டு அனுப்பிட்டா யாரு மருந்து விடுவாங்கன்னாங்க."

முதலாளி மாலையோடு வந்திருந்தார். "அம்மா நம்ம ஊட்டு ஆளுங்க" என்று என்னிடம் கைகூப்பினார். நான் கைகூப்பவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அதற்குரிய காலத்தில் உயர்த்தாத குரல் அது.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தில், காரணம் எழுத வேண்டிய இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதினேன். கொடுக்கும் முன் இடக்கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை படித்தேன். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது, அக்கா.