நீ சொல்லாத பெயர்

என் உயிரான அப்பாஸ் மாப்பிள்ளைக்கு,

நீ கண்மூடி இரண்டு நோன்பு கழிந்துவிட்டது. இந்த வருஷமும் உன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா இதை எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வராதே.

உன் மகள் நசீமா கம்பத்துக்கு வந்திருந்தாள். சென்னையில் சட்டம் கற்றுக்கொடுக்கிறாளே, நாட்டுப் பாதுகாப்புக்கென்று போடுகிற சட்டம் பத்திரிகைக்காரன் வாயை எப்படிக் கட்டுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஊர் ஊராக வழக்குகளைப் படித்தவள், உன் வழக்கைக் கடைசிக்கு வைத்திருந்தாளாம்.

நான் ஏலக்காய் ஜீப்பில் மூட்டை ஏற்றிய காலம். மலைப்பாதையில் மூன்று தோட்டத்து ஆட்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்றது போலீஸ். ஒருவனுக்கு நீலச் சட்டை, ஒருவனுக்குக் கையில் கட்டு, ஒருவன் கழுத்தில் ஜெபமாலை. உன்னிடம் வந்து சொன்னேன். பத்திரிகையில் நீ எழுதியதும் மூன்று பேரையும் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவர்கள் வீடு வந்தார்கள், சொன்ன ஆளைக் காட்டிக்கொடுக்காத நீ உள்ளே போனாய்.

யார் சொன்னது என்று வாத்தியாரையும் தபால்காரரையும் விசாரித்தார்கள். உன் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "ஏலே, தள்ளி நில்லு" என்றதோடு சரி. ஜெயிலில் அதைச் சொன்னபோது கம்பிக்கு அந்தப்பக்கம் எப்படிச் சிரித்தாய்!

ஆனால் நசீமா நடை பழகியபோது நீ வீட்டில் இல்லையே, மாப்பிள்ளை. யாருக்காக என்று தெரியாமலே வளர்ந்தாள். அவளிடமாவது சொல்லலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய்.

"ஆத்தா, அந்தப் பேர நான் சொல்றேன், எழுதிக்க" என்று நசீமாவிடம் சொன்னேன். பேனாவை மூடிவிட்டாள்.

"வேணாம் மாமா. நாளைக்கு என்னைய யாரு கேட்டாலும் தெரியாதுன்னு உண்மையாச் சொல்லணும். அத்தா காப்பாத்துனத நான் அவுத்து விடுறதா?"

"அந்த ஆளே வந்து சொன்னா?"

"அது அவுக உரிமை. நானாக் கேக்க மாட்டேன்."

என் கையைப் பிடித்தபடிதான் சொன்னாள். கண்டுகொண்டாளோ? உன்னைப் போலவே முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நீ எழுதிய பத்திரிகைக்கே அனுப்பப் போகிறேன். "இது அச்சுல வந்தா ஊரே படிக்குமே, மாமா" என்று ஸ்டெல்லா எழுதுவதை நிறுத்துகிறாள். படிக்கட்டும். முதலில் நசீமா படிக்கட்டும்.

நீ என்னைக் காத்தது போதும். இனி யார் வந்து கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அவளை ஒரு கேள்வியும் தொட விடமாட்டேன்.

நீ வாய் திறக்காமல் வைத்திருந்த பெயருக்கு உரியவன்,
உன் மாப்பிள்ளை
சவரிமுத்து