இருபத்தோராம் நாள் ரிப்போர்ட்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ, சரிக்கா விடு என்பாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. மாப்பிள்ளையிடமும் காட்டு.

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு சரியாகிவிட்டது. அதைச் சாக்கு வைத்துப் பாத்திரம் தேய்க்காமல் இருந்த பழக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்காகக் காத்திருக்கும் இந்த இரண்டு வருடமாக, மாதவிலக்கு வந்த இருபத்தோராம் நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புகிறாய். முட்டை வெளிவந்த பிறகு ஏறும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, முட்டை வெளியே வந்தாச்சு, உனக்கு ஒரு குறையும் இல்ல என்று நானும் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். பெரிய டாக்டரிடம் போகலாம் என்று மாப்பிள்ளை கேட்டபோது, எதுக்கு வீண் அலைச்சல் என்று தடுத்ததும் நான்தான். போன வாரம் நீ எழுதியிருந்தாய்: உடம்புல ஒண்ணும் இல்லைன்னா என் மனசுதான் காரணம், இனிமே ஆசைப்படறதையே விட்டுடறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆய்வகத்தில் என் வேலை உனக்குத் தெரியும். பெண் எலிகளுக்கு முட்டை வெளிவர ஊசி போட்டு, மறுநாள் காலையில் கருக்குழாயைத் திறந்து, அதில் வந்து சேர்ந்த முட்டைகளை எண்ண வேண்டும். எந்தக் கூண்டில் எந்த வகை எலி என்று எண்ணுகிறவளுக்குச் சொல்ல மாட்டார்கள். கூண்டின் மேல் வெறும் எண்தான் இருக்கும். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். சில கூண்டுகளில் இருபது, முப்பது முட்டைகள். ஆறாம் கூண்டில் ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் மற்றவற்றைப் போலவே நன்றாக இருந்தது. ஊசி போட்ட என் கைதான் சொதப்பிவிட்டது என்று நினைத்து, அந்தக் கணக்கையே தள்ளிவிடச் சொன்னேன்.

எங்கள் பேராசிரியை தள்ளவில்லை. முட்டை வளர்ற சூலகத்தை வெட்டிப் பார்த்தீங்களா என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. குழாயோடு என் வேலை முடிந்தது என்று எப்போதும் அதைப் புட்டியில் போட்டு மூடிவிடுவேன். வெட்டிப் பார்த்தால், முட்டைகள் அத்தனையும் முற்றிய பைகளுக்குள்ளேயே இருக்கின்றன. பை ஒன்றுகூட உடையவில்லை. அந்தக் கூண்டு எலிகளுக்குப் புரோஜெஸ்ட்ரோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி கிடையாது என்று பிறகுதான் சொன்னார். தபால் வந்துகொண்டே இருக்கிறது, கதவைத் திறந்து வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் பையின் சுவர் கரைந்து முட்டைக்கு வழி விடும். முட்டையில் ஒரு கோளாறும் இல்லை. வெளியே எடுத்து விந்தோடு சேர்த்தால் கருவாகிறது.

நீ எலி இல்லை, எனக்குத் தெரியும். உனக்கு ஏற்பி இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் பெண்களுக்கும் சில மாதம் பை உடையாமலே புரோஜெஸ்ட்ரோன் ஏறுவதுண்டு என்று பேராசிரியை சொன்னார். சில வலி மாத்திரைகளும் முட்டை வெளிவரும் நாட்களில் பையை உடைய விடாமல் செய்யுமாம். தையல் கூடத்தில் கழுத்து வலிக்கிறது என்று நீ வாரக்கணக்கில் விழுங்குகிறாயே, அவர் சொன்னதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதை இரண்டு வருடமும் நான் கேட்கவே இல்லை. ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்தேன், அவ்வளவுதான். தப்பு என்னுடையது. உன் மனசை யாரும் குறை சொல்ல விடாதே, உன் மாமியார் உட்பட. நீயும் சொல்லிக்கொள்ளாதே.

பெரிய டாக்டரைப் பார். பை வளர்வதையும் உடைவதையும் அடுத்தடுத்த நாட்களில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேள். மாத்திரையின் பெயரையும் மறைக்காமல் சொல். ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வரலாம். குழந்தை உறுதி என்று சொல்லும் தைரியம் இனி எனக்கு இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும். இரண்டு வருடம் என் பேச்சை நம்பினாய். இனி நம்ப வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, முடிந்தால் என்னிடம் பழையபடி பேசு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா