பள்ளிவாசல் பக்கம் நகர்ந்த இரண்டு கதவுகள்

என் கண்ணு நவாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் அல்லா புண்ணியத்தில் சுகம், என் முட்டி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. மொன்ரியல் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மூக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளை இன்னும் பருத்திருக்கிறாராமே, போட்டோவில் பாதிதான் தெரிகிறார்.

பிள்ளைகள் நம் குடியிருப்புக் கதை கேட்டார்கள் என்றாயே, சொல்கிறேன். கோதுமை வயலுக்கு நடுவே அரசாங்கம் அச்சில் வார்த்தது போல வீடு கட்டி எங்களைக் குடிவைத்தபோது எனக்கு எட்டு வயது. எல்லா வீடும் ஒரே மாதிரி, நான் இரண்டு முறை வேறு வீட்டில் போய் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன், அவர்களும் யார் பிள்ளை என்று பார்க்கவில்லை. குளிக்கிற தொட்டியில் என் அம்மா ஆட்டுக்குட்டியை விட்டாள். எல்லாம் சரி, ஆனால் வாசற்கதவு எதிர்வீட்டு லக்தர் மாமா கதவுக்கு நேராக இருந்தது. திறந்தால் அவர்கள் அடுப்படி வரைக்கும் தெரியும். என் அப்பாவுக்கு மானம் போயிற்று. "விடிஞ்சா அந்த மனுசன் பொண்டாட்டி முகத்துலயா நான் முழிக்கணும்? அவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?" என்று குதித்தார். ஆனால் சுவரில் கை வைத்தால் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சாவி போனால் மறுபடியும் பண்ணைத் தொழுவத்தை ஒட்டின தகரக் கொட்டகைதான்.

என் அப்பா விடவில்லை. யாரும் பார்க்காதபடி வெளியே கம்பளியைத் தொங்கவிட்டு, பள்ளிவாசல் பக்கமாகச் சுவரை உடைத்துப் புதுவாசல் வைத்து, பழையதை அடைத்துச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். எதிர்வீட்டிலும் கம்பளி தொங்கியது, துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அப்பா பெருமையோடு கம்பளியை இழுத்தால், எதிரே லக்தர் மாமாவும் தன் கம்பளியை இழுக்கிறார். நம்மேல் இருந்த மரியாதையில் அவரும் கதவைப் பள்ளிவாசல் பக்கமே நகர்த்தியிருக்கிறார். மறுபடியும் நேருக்கு நேர்! "ஏன் அண்ணே, இந்தப் பக்கம்தான் கிடைச்சுதா?" என்றார் அப்பா. "அதை நீங்க முன்னாடியே சொல்லக்கூடாதா அண்ணே?" என்றார் அவர்.

அந்த வாரமே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இன்ஜினியர் வரைபடத்தோடு ஜீப்பில் வந்தார். அடுத்த தெருவில் ஒருத்தர் தான் மட்டும் கதவை நகர்த்தி, எதிர்க்கதவோடு சேராமல் அகப்பட்டுக்கொண்டார். "பழையபடி வை, இல்லேன்னா சாவியக் குடு" என்ற சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. அப்பா முகம் சுண்ணாம்பாய்ப் போயிற்று. இன்ஜினியர் தெரு நடுவில் நின்று இந்தக் கதவையும் அந்தக் கதவையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, கதவெல்லாம் முதல்ல இருந்த மாதிரிதானே இருக்கு?" அம்மா பின்னாலிருந்து என்னைக் கிள்ளினாள். நான் பொய் சொல்லவில்லை கண்ணு. "எங்க கதவும் மாமா வீட்டுக் கதவும் ஒரு நாள்கூட கோணலா இருந்ததில்ல" என்றேன். "சபாஷ், இதுதான் ஒழுங்கான தெரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீடு தப்பியது, கதவு அப்படியேதான் நின்றது. இனி ஒருத்தர் நகர்த்தினால் மற்றவரும் நகர்த்திவிடுவாரோ என்று இருவருக்கும் பயம். அதனால் கதவைத் திறந்து நேருக்கு நேர் முழிக்காமலிருக்க, மற்றவர் முதலில் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்து இருமிக்கொள்வார்கள். ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் இருமி இருமிக் காத்திருந்ததில் வயலுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற டிராக்டர் இருவரையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. மேஸ்திரி வந்து கத்தியபோது உள்ளேயிருந்தே இருவரும் சொன்ன பதில், "அவரு முதல்ல போகட்டும்."

அல்லா உங்கள் எல்லோருக்கும் சுகமும் நிறைந்த சோறும் தரட்டும். வெள்ளிக்கிழமை போன் பண்ண மறக்காதே, என் டிவி தொடர் ஓடும்போது மட்டும் பண்ணாதே, எடுக்கமாட்டேன்.

உன்னைக் கேலி செய்யாவிட்டால் தூக்கம் வராத
அம்மா யமீனா