சத்தம் நின்ற வால்வு

அக்டோபர் 28, செவ்வாய்

விடாத மழை. ஏரிக்கு ஒரு படகும் போகவில்லை. நைனாவுக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தபடியே தூக்கம்.

நெஞ்சில் உலோக வால்வு வைத்து ஆறு வருடம். பக்கத்தில் படுத்தால் கைக்கடிகாரம் மாதிரி அதன் சத்தம் கேட்கும். பத்து நாளாகக் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். "உள்ள நல்லா பொருந்திக்கிச்சு போல. இப்பதான் நான் தூங்குறேன்." நானும் நம்பினேன். இத்தனை படித்து என்ன.

எடுத்து வைக்க: பழைய எக்கோ ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, குடை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை.

மாத்திரை தேடியபோது வலை பின்னும் ஊசிப் பெட்டியில், நூலுக்கு அடியில், பதினேழு.

"இன்னா நைனா இது?"

"பாடு வர்ற நாள்ல போடமாட்டேன்மா." ஏரியில் வலை கட்ட எங்கள் முறை வரும் நாள். "இறா முள்ளு குத்துனா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. 'காட்டேரிக்குப் படையல் வந்துடுச்சுடா'னு படகுல கூட வர்றவனுங்க சிரிக்கிறானுங்க. முந்தின நாளும் அன்னிக்கும்தான் வுடுறது. டாக்டராண்ட சொல்லாத. ஏரிக்கே போகாதன்னுடுவாரு."

தலையாட்டினேன்.

அக்டோபர் 29, புதன்

வேன் பிடித்துச் சென்னை ஆஸ்பத்திரி. எக்கோ. நெஞ்சில் ஜெல் தடவி, விலா இடுக்கில் கருவியை அழுத்தி, எக்கோ எடுக்கும் பெண் வெகுநேரம் தேடினார். திரையில் வால்வுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. உலோகத்தின் நிழலாம். ரத்தம் அதைக் கடக்கும் வேகம் மட்டும் மிக அதிகம். வழி குறுகியிருக்கிறது. ஏரியின் முகத்துவாரம் மணலடைத்த வருடம் நினைவுக்கு வந்தது.

டாக்டர்: "நாளைக்குத் தொண்டை வழியா குழாய் விட்டுப் பார்க்கணும். மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

நைனா என்னைப் பார்த்தார். "போடுறார்" என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

வெறும் வயிறு. தொண்டை மரத்துப்போக மருந்து. "முள்ளு மாட்டுனாப்ல கீது" என்று அப்போதும் கேலி.

திரையில் வால்வின் இரண்டு இதழ்கள். ஒன்று திறந்து மூடுகிறது. மற்றது அசையவேயில்லை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ரத்தக்கட்டி. சத்தம் நின்றது அதனால்தான்.

டாக்டர்: "ரத்தப் பரிசோதனையும் சரியில்ல. நிஜத்தைச் சொல்லும்மா."

பதினேழையும் மேசையில் கொட்டினேன். பாடு, முள், நேற்றைய பொய். எல்லாம் சொன்னேன்.

கட்டியைக் கரைக்க நரம்பில் மருந்து. துண்டு மூளைக்குப் போகலாம், ரத்தம் கசியலாம் என்று ஒரு காகிதம். அம்மா பேனாவைத் தொடவில்லை. என் கையெழுத்து.

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்ன நம்பித்தான சொன்னேன்."

அக்டோபர் 31, வெள்ளி

மருந்து இன்னும் இறங்குகிறது. துண்டு மூளைக்குப் போய்விட்டதா என்று பார்க்க நர்ஸ் அடிக்கடி வந்து, "கையைத் தூக்குங்க, சிரிங்க" என்கிறார். நைனா அவருக்குச் சிரிக்கிறார். எனக்கு முதுகுதான். ஊரிலிருந்து போன்: ஞாயிறு உங்க பாடு, யார் வர்றது? போனை வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி எக்கோ. அதுவரை இருக்க முடியாமல் நைனாவின் நெஞ்சில் காது வைத்தேன். தள்ளவில்லை. மூச்சிரைப்பு மட்டும்.

"கேக்குதா?"

"இல்ல நைனா."

என் தலையைக் கையால் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நல்லா கேளு."