மழைக்கு ஒதுங்கிய மழைமானி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்
(தங்கள் பதிவேட்டின்படி: தன்னார்வ மழை அளவீட்டாளர்),
தெருவின் மேட்டுப் பக்கக் கடைசி வீடு, முதல் மாடி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மழைநீர் வடிகால் பிரிவு,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவின் மழை அளவை ஐந்து ஆண்டுகளாகக் குறைத்து எழுதிய அளவீட்டாளர் மீது புகார் – வடிகாலை அகலப்படுத்தக் கோரிய தையல் கடைச் சகோதரியின் மனுவை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி சகோதரி சென்ற மழைக்காலத்தில் அளித்த மனு.
2. அதைத் தள்ளுபடி செய்த தங்கள் அலுவலக உத்தரவு.
3. அந்த விசாரணையில் நான் சொன்ன சாட்சியம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பொருளில் கண்ட அளவீட்டாளர் நான்தான். புகார் கொடுப்பவனும் நான்தான். இப்படி ஒரு மனு தங்கள் மேசைக்கு இதற்கு முன் வந்திருக்குமா என்று தெரியவில்லை. வேறு யாராவது கண்டுபிடித்து எழுதியிருந்தால் என் மானம் இன்னும் மோசமாகப் போயிருக்கும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். இதிலும் கொஞ்சம் சுயநலம் இருப்பதை மறைக்க விரும்பவில்லை.

2. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் அலுவலகம் வார்டுக்கு ஒரு மழைமானி கொடுத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுத ஆள் கேட்டது. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளி ஆய்வகத்தில் அளவுக் குடுவைகளோடு காலம் தள்ளியவன் என்பதால் முதல் ஆளாகக் கை தூக்கினேன். இந்த ஊர் வானிலையைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயிலை நம்பித் துணி காயப்போட்டால் பத்து மணிக்குத் தூறல். குடையைச் சுமந்துகொண்டு போனால் மாலை வரை வெயில். பனிக்காலத்தில் ஸ்வெட்டரோடு கிளம்பியவர்கள் மதியம் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். அப்படிப்பட்ட ஊரில், "இன்னைக்கு மழை வருமா சார்?" என்று தெருவே என்னைக் கேட்டது. மழைமானி பெய்து முடிந்த மழையைத்தான் அளக்கும், வரப்போவதைச் சொல்லாது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதாவது சொல்லி வைப்பேன். "மழைக்காரர்" என்று பெயர் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

3. மழைமானியை மொட்டை மாடியின் நடுவில், சுவர் எதற்கும் அருகில் இல்லாமல் வைக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் அதைத் தூக்கி மாடிப்படி அறையின் மேற்குச் சுவரை ஒட்டி வைத்தேன். அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளே நின்றபடி கையை நீட்டினால் எட்டும். ஈர மாடியில் வழுக்கிவிடும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. காலையில் தலை நனைவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் மனைவி அன்றே, "மழையை அளக்கிறவருக்கு மழை ஆகாதாமா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். இடம் மாற்றியதைத் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் இல்லை.

4. அதன் விளைவு இது. கோடையில் திடீரென்று வரும் மழை இங்கே மேற்கிலிருந்து வரும். அது முழுதாக மழைமானிக்குள் விழுந்தது. ஆனால் மழைக்காலத்து அடைமழை கிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும். அதில் பாதிக்கு மேல் அந்த அறையின் கிழக்குச் சுவரிலேயே அடித்து வழிந்தது. மழைமானி அறையின் மறுபக்கம் ஒதுங்கி நின்றது. நானும் உள்ளே ஒதுங்கி நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மில்லிமீட்டர் சுத்தமாக அந்தத் தப்பை எழுதினேன்.

5. மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி முழுவதும் வடிகால் கட்டினீர்கள். அடுத்த வார்டுத் தெருக்களுக்கு மூன்றடி அகலம். எங்கள் தெருவுக்கு ஒன்றரை அடி. "பதிவேட்டின்படி மழை குறைவான பகுதி" என்று கோப்பில் எழுதியிருப்பதை விசாரணையின்போது வாசிக்கக் கேட்டேன். அந்தப் பதிவேடு என் கையெழுத்து.

6. தெருவின் பள்ளப் பக்கம் கடைசியில் தையல் கடை நடத்தும் சகோதரியைத் தாங்கள் விசாரணையில் பார்த்திருக்கிறீர்கள். வடிகால் கட்டியதிலிருந்து மூன்று மழைக்காலங்களிலும் அவர் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. சென்ற முறை, மறுநாள் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய நாற்பத்திரண்டு சீருடைகள் நனைந்து, நீலச் சாயம் இறங்கி, வெள்ளைச் சட்டைகளெல்லாம் பாழாயின. இரண்டு தையல் இயந்திரங்களின் மோட்டார் போயிற்று. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. நேர்ச் சுவர் கொண்ட ஒரு பிஸ்கட் டின்னை எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில், நடு வெட்டவெளியில் வைத்தார். அடுத்த பெருமழை நின்றதும் தன் அளவு டேப்பை அதற்குள் விட்டு அளந்தார். மூன்றே முக்கால் அங்குலம். அதாவது தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர். அதே நாளுக்கு என் பதிவேட்டில் முப்பத்தெட்டு.

7. இனி எழுதுவதுதான் எனக்குக் கடினம். விசாரணை அறையில் தாங்களும், உதவிப் பொறியாளர்கள் இருவரும், தெருக்காரர்கள் பதினைந்து பேர் வரையிலும் இருந்தோம். அந்தச் சகோதரி டின்னையும் டேப்பையும் மேசைமேல் வைத்தார். கருத்துச் சொல்லும்படி தாங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் எழுந்து, "இடுப்பு அளக்கிற டேப்பால மழைய அளக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன். அறை முழுவதும் சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரிப்பு வரும்படி சொன்னவன் நான். ஆனால் ஐயா, நேர்ச் சுவர் கொண்ட எந்தப் பாத்திரமும் மழையைச் சரியாகவே அளக்கும். வாய் அகலமோ குறுகலோ, உயரம் ஒன்றுதான் கணக்கு. இதை ஆய்வகத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்து காட்டியவன் நான். சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும், என் எண்ணைவிட அவர் எண் சரியாகிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் வாய் ஓடிவிட்டது. அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

8. மறுநாள் காலை அவர் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கினேன். அவரோ வாசலில் நின்றபடியே, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. வருஷக்கணக்கா அளக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது? எரிச்சல்ல ஏதோ பண்ணிட்டேன்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். நான் "பரவாயில்லம்மா" என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்து அனுப்பினேன், ஐயா. என் மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

9. அன்று மதியமே ஒரு டின்னை மாடியின் நடுவில் வைத்தேன். மழைமானியைச் சுவரோரமே விட்டேன். அடுத்த மழையில் டின்னில் அறுபத்திரண்டு, மழைமானியில் இருபத்தேழு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்றே தங்களிடம் வந்திருக்க வேண்டும். ஒரு சோதனை போதாது, இன்னொன்று பார்ப்போம் என்றேன். இன்னொன்றும் அப்படியே வந்தது. பனிக்காலம் வந்தது, மழை நின்றபின் அவசரம் என்ன என்றேன். கோடை மழையில் இரண்டிலும் பதினொன்று என்று சமமாக வந்தபோது, ஒருவேளை நான் சரியோ என்றுகூட ஒரு நாள் முழுக்க என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அறிவியல் என்று பெயர் வைத்து ஏழு மாதங்களைக் கடத்திவிட்டேன். வெட்கத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

10. அகலப்படுத்த வேண்டிய வடிகால்களின் பட்டியல் இம்மாதம் 28ஆம் தேதி முடிவாகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். எங்கள் தெரு அதில் இல்லை. இன்னொரு மழைக்காலம் தாங்காது, கடையைக் காலி செய்யப் போவதாகச் சகோதரி சொல்லிவிட்டார். பதினெட்டு ஆண்டுக் கடை. ஆகவே ஐயா, ஐந்து ஆண்டுகளாக மழைக்காலத்தில் நான் எழுதிய அளவுகள் எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்தப் பக்கங்களிலேயே குறிப்பு எழுத வேண்டுகிறேன். அவர் மனுவைத் தள்ளிய உத்தரவைத் திரும்பப் பெற்று, 28ஆம் தேதிக்குள் எங்கள் தெருவைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். ஏழு மாத ஒப்பீட்டு அளவுகளைத் தேதிவாரியாக இணைத்துள்ளேன். மழைமானியை யாரிடம் ஒப்படைப்பது என்பது தங்கள் முடிவு. என்னிடம் இருக்க வேண்டாம்.

11. என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். ஆனால் அதைக் கடிதத்தில் முடித்துவிட வேண்டாம். அதே அறையில், அன்று சிரித்தவர்களை வரவழைத்து, அந்தச் சகோதரி முன்னால் நான் சொன்னதை நானே திரும்பப் பெற அனுமதிக்க வேண்டும். சிரிக்க வைத்தது நாலு பேர் நடுவில். மன்னிப்பை மட்டும் மறைவில் கேட்பது முறையில்லை.

12. இம்மனுவைத் தபாலில் அனுப்பினால் தாமதமாகும். நானே கொண்டுவந்தால் வழியில் மனம் மாறித் திரும்பிவிடுவேன். ஏழு மாதமாக என்னை எனக்குத் தெரியும். எனவே இதைத் தங்களிடம் கொண்டுவந்து கொடுப்பவர் அந்தத் தையல் கடைச் சகோதரிதான். உறையை நான் ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொண்டுபோகும்படி சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆகையால் இது தங்கள் கையில் இருக்கிறதென்றால், எல்லாவற்றையும் படித்த பிறகும் அவர் இதைக் கிழித்துப் போடாமல் எடுத்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். தயவுசெய்து முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.

நாள்: இம்மாதம் 14
இடம்: என் வீடு

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
தெருவின் மேட்டுப் பக்க அளவீட்டாளர்

இணைப்பு: ஒப்பீட்டு அளவுகள், நான்கு தாள்கள்.