ஆயுத பூஜைக்கு இறக்காத தேங்காய்

புது டயர் வாசனை இன்னும் என் சேலையில் இருக்கிறது. நேற்று கிள்ளான் பக்கம், மேருவில் ஒரு டயர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என் பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, டயரோட லெவலிங் கிட்டும் போட்டுடலாம் லா. தேங்காய் இறக்கிட்டா மூக்கு குனிஞ்சிடும் பாருங்க. முன்னாடி ரெண்டு இஞ்சு ஏத்தினா சும்மா ஸ்டைலா நிக்கும்" என்றார்.

என் வாயில் வந்ததை அவரிடம் சொல்ல முடியாது, பாவம் மனுஷன். அதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியது, அண்ணே. நீ செத்து ஒன்பது மாதம் ஆகிறது. இருந்தாலும் கேள்.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய், அவர் ஓட்டிய பிக்கப்பை நான் ஓட்ட ஆரம்பித்த முதல் வருஷம். காப்பாரில் தேங்காய் ஏற்றி, கிள்ளான் கடைகளுக்குப் பாதி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்குப் பாதி. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அக்கம்பக்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்து, முட்டை மேல் உட்கார்ந்த கோழி மாதிரி ஓட்டினேன். அந்த வண்டி ஓடினால்தான் பிள்ளைகள் இரண்டுக்கும் சோறு.

அன்றைக்கு வண்டியைக் காலி செய்து, கழுவி, பொட்டு வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். வேலை நாளில் அது என் வாசலில் பாரமில்லாமல் நின்றது வருஷத்திலேயே அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் பார்த்துத்தான் நீ வந்தாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "என்ன இது, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குனிஞ்சு நிக்குது? அசிங்கமா இருக்கு" என்றாய்.

நீ டயர் கடையில் வேலை செய்தவன், இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். அதனால் தணிவாகத்தான் கேட்டேன். "முன்னாடி இருக்கட்டும் அண்ணே. பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்துக் குடு. தேங்காய் ஏத்தினா வால் தரையைத் தொடுது. அப்படியே மெல்லிசா, பாரம் தாங்குற டயரா நாலு பாரு."

"சரி சரி, எனக்குத் தெரியாதா?" என்றாய்.

இரண்டு நாள் கழித்து உன் கடையிலிருந்து வண்டி வந்தது. அடேங்கப்பா! முன்பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தாய். காட்டுக்குள் போகிறவர்கள் போடும் அகலமான டயர், பல் பல்லாக. பின்பக்கம் பட்டை சேர்க்கவே இல்லை. காலியாக நின்ற வண்டி பலகை வைத்ததுபோல் நேராக இருந்தது. தெருவே பார்த்தது. உன் முகத்தில் அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகளோடு போர்ட் கிள்ளானுக்கு மீன் பிடிக்கப் போக அந்த வண்டியைத்தானே எடுப்பாய். ஒரு நாள் ஓட்டுகிற நீ உனக்காகச் செய்துகொண்டாய். ஆறு நாள் ஓட்டுகிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேங்காய் ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. முன் டயருக்குத் தரை மேல் பிடிப்பே இல்லை. திருப்பினால் மட்கார்டில் உரசியது. உன்னிடம் சொன்னேன். "புது டயர் அப்படித்தான் இருக்கும். ஓட்டப் பழகு" என்றாய்.

பழகிக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. கோலாலம்பூர் போகிற பெரிய ரோட்டில், காலை நேரம், முன்னால் போன லோரி பிரேக் போட்டது. நான் திருப்பினேன். ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. தடுப்பில் போய் இடித்து நின்றது. தேங்காய் அத்தனையும் ரோட்டில் உருண்டது. யார் மேலும் படவில்லை, முருகன் காப்பாற்றினான். எனக்கு ஒரு பல் போயிற்று, அவ்வளவுதான். லோரி ஓட்டிய மலாய்க்காரர் ஓடி வந்து என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே தேங்காய் பொறுக்கினார். முன்பின் தெரியாத மனிதர்.

நீ அன்று மாலை வந்தாய். அம்மா, என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் வாசலில். நீ வண்டியைச் சுற்றி வந்து, முன் டயர் பக்கம் குனிந்து பார்த்தாய். உன் முகம் மாறியது. நான் பார்த்தேன், அண்ணே. உனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன். பொம்பளை ஓட்டற வண்டியா இது?" என்றாய்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். வேலியே பயிரை மேய்ந்தது. என் வீட்டுக்காரர்கூட, "அண்ணன் சொல்றாரு, விடு" என்றார். மூன்று மாதம் நான் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். இடித்ததைத் தட்டிச் சரிசெய்து நீ ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போனாய்.

ஒரு நாள் நீ வேலைக்குப் போனதும் உன் வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். அண்ணி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் வாசலில் நின்ற வண்டியை எடுத்து நேராகக் காப்பாருக்குப் போய்த் தேங்காய் ஏற்றினேன். ஊர்ந்து ஊர்ந்து, மேரு ரோட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். கடை முதலாளியான அந்த வயதான சீனத் தவுக்கே பாரத்தோடு நின்ற வண்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "கொசொங் சாந்திக், இசி மாத்தி" என்றார். காலியாக இருந்தால் அழகு, பாரம் ஏற்றினால் சாவு. யார் செய்தது என்று கேட்டார். என் அண்ணன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியாது என்றேன்.

முன்பக்கத்தை இறக்கி, பின்னால் பட்டை சேர்த்து, மெல்லிய டயர் நான்கு போட்டுக் கொடுத்தார். அதே பாரத்தோடு உன் வாசலில் வந்து நிறுத்தினேன். வண்டி நேராக நின்றது. நீ வெளியே வந்து பார்த்துவிட்டு என்ன கேட்டாய்? "நான் போட்ட டயர் எங்கே?" அந்த நான்கையும் உன் வாசலில் உருட்டிவிட்டுத்தான் போனேன். அம்மா அதில் பாண்டான் செடி நட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக நான் வந்தபோது, "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டாய். நல்லா ஓடுது என்றேன். நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதுதான் மன்னிப்பா? பத்தாது. உன் சாவு வீட்டில் ஆளுக்கு ஆள், "தங்கச்சிக்கு வண்டியெல்லாம் செஞ்சு குடுத்து ஆளாக்கி விட்டவரு" என்று புகழ்ந்தார்கள். நான் அழுதேன். அழுதேனே என்று இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

நேற்று கடைக்காரர், "தேங்காயை இறக்கிட்டு வரக் கூடாதா ஆன்டி? ஜாக் போட முடியலை" என்று அலுத்துக்கொண்டார். நான் எந்த டயர் கடைக்கும் காலி வண்டி கொண்டுபோவதில்லை. பாரத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லு என்பேன். கிட் வேண்டாம் என்றேன். பாரம் தாங்கும் எட்டு ப்ளை டயர் நான்கு போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கும் தேங்காயை இறக்குவதில்லை. பாரத்தோடுதான் வண்டிக்குப் பொட்டு, பாரத்தோடுதான் எலுமிச்சம்பழம். போன வருஷம் குருக்கள் பார்த்துவிட்டு, "நல்ல வழக்கம்மா, லட்சுமியைக் காலி பண்ணக் கூடாது" என்றார். என் மகளும் அதைப் பக்தி என்றுதான் நினைத்திருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். உன் பேரை அவளிடம் கெடுக்க எனக்கு இஷ்டமில்லை, அண்ணே. ஆனால் அந்த வண்டியை இனி ஒருத்தன் காலியாகப் பார்த்துக் குறை சொல்ல விடமாட்டேன்.