யந்திரம் பிழையாகச் சொன்ன சொல்

உன் கதை நன்றாக இருந்தது என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை கேட்டாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என் கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனாள். புது மையின் வாடை. முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் ‘பாவம்’. அந்தச் சொல்லை அச்சில் பார்த்தால் இப்போதெல்லாம் முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு நீ வருகிறாய்.

கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் ஒரே பெஞ்சு நமக்கு. பாடப் புத்தகத்துக்குள் விண்வெளிக் கதைகளை ஒளித்து வைத்துப் படித்தோம். அந்தக் கதைகளில் மனிதர்கள் ஒரு புதுக் கிரகத்தில் இறங்கினால் முதலில் கொடி போகும், அடுத்து வியாபாரி, கடைசியில் பாதிரியார். அவர் பெரும்பாலும் முட்டாள், இல்லையென்றால் கொடியவர். “எல்லாக் கதையிலயும் எங்க ஆளுங்களத்தான்டி கோமாளியாக்குறாங்க” என்று பொருமுவாய். உன் அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சிறு சபைக்கு உபதேசியார். ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துவார், மற்ற நாட்களில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்கு ஜெபிப்பார்.

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு நீ வந்துபோன முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள். “அந்த வேதக்காரப் பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா சூதானமா இரு. பேச்சுவாக்குல இழுத்துருவாக.” அம்மாவிடம் சண்டை போட்டேன். ஆனால் அவள் சொன்னது உள்ளே உட்கார்ந்துகொண்டது. நீ ஊறுகாய் கொடுத்தால்கூட எதற்காகக் கொடுக்கிறாய் என்று யோசித்தேன். எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்தவள் நீ.

படிப்பு முடிந்து நீ நகரத்திலேயே பள்ளி ஆசிரியை ஆனாய், நான் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அப்போதும் மாதம் ஒருமுறை வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கல்சுவரில் உட்கார்ந்து பேசுவோம். அங்கேதான் ஒரு நாள் கேட்டேன்: “விண்கப்பல்ல ஏத்திக் கொண்டுபோக வேண்டிய கடவுள்னா, அவரு அங்க ஏற்கெனவே இல்லையா?”

நீ வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாய்: “இருக்காருடி. எங்கப்பா சைக்கிள்ல போற ஊர்லயும் அவரு முன்னாடியே இருக்காரு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? யாராச்சும் வந்து எட்டிப் பாத்தா நல்லாருக்கும்ல.”

அந்த வாரமே கதையைத் தொடங்கிவிட்டாய். ஓர் உபதேசியார் விண்கலத்தில் ஏறுகிறார். எடை கூடுகிறது, ஆர்மோனியத்தை இறக்குங்கள் என்கிறார்கள். அவர் அதற்குப் பதில் தன் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கிவிடுகிறார். அவர் போய்ச் சேரும் கிரகத்தில் யாருக்கும் ரகசியம் கிடையாது. செய்ததெல்லாம் தோலில் நிறமாகத் தெரிந்துவிடும். ஒளிக்க ஒன்றுமில்லாததால் அறிக்கையிட்டு ஒப்புக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அவர்களிடம் போய் “நீங்கள் எல்லோரும் பாவத்தில் இருக்கிறீர்கள்” என்கிறார். அவர் கொண்டுபோன மொழிபெயர்ப்பு யந்திரம், தமிழர்கள் வாயில் ‘பாவம்’ என்ற சொல் எப்படி அதிகம் புழங்குகிறதோ அப்படி எடுத்துக்கொள்கிறது. “ஐயோ பாவம் நீங்கள்” என்று அவர்கள் காதில் விழுகிறது. அவர்கள் உருகிப்போய், “நீயும் பாவம்தான், இம்புட்டுத் தூரம் தனியா வந்திருக்க” என்று அவருக்குச் சோறு போடுகிறார்கள். அத்தனை பேரும் பாவத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று அவர் பூமிக்கு அறிக்கை அனுப்புகிறார்.

ஒரு ஞாயிறு மாலை உன் அப்பாவின் சபையில் வாலிபர் கூட்டம். அதில் கதையை வாசிக்கப்போவதாகவும் நான் வந்தே ஆகவேண்டும் என்றும் சொன்னாய். வந்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யந்திரம் பிழையாகச் சொல்லும் இடத்தில் கூடமே சிரித்தது. உபதேசியார் முதல் கவளத்தை வாங்கும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன். பிறகு பிழையைக் கண்டுபிடித்த அவர் யந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு நீ நிறுத்திவிட்டாய்.

சபைச் செயலாளர் எழுந்தார். “கதை ஜோராத்தான் இருக்கும்மா. ஆனா கடைசியில அவங்க ரட்சிக்கப்பட்டாங்களா, இல்லையா?”

“இன்னும் எழுதலண்ணே.”

“எழுதிரும்மா. தொங்கல்ல விடக்கூடாது.”

வெளியே செருப்பு மாட்டும்போது ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்: “இதுதான் நீ ஜெபத்துல வச்சிருந்த பிள்ளையா?”

நீ தலையாட்டினாய்.

பேருந்தில் உன் இரண்டு கேள்விகளுக்குப் பின் நான் வாய் திறந்தேன். “எத்தன வருசமா உங்க ஜெப லிஸ்ட்ல இருக்கேன்?”

“லிஸ்ட்டா? ஏய், லூசு. எங்கப்பா நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ கோயிலுக்குப் போய் அர்ச்சன பண்ணல? நட்சத்திரம் தெரியலன்னு சாமி பேருக்கே பண்ணச் சொன்னேன்னு நீதான வந்து சொன்ன? நான் கோவிச்சேனா? இதும் அம்புட்டுத்தான்.”

“நான் உங்கப்பாவ இந்துவாக்கச் சொல்லி அர்ச்சன பண்ணல.”

நீ சிரிக்கவில்லை. மடியிலிருந்த கதை நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தாய். “சரி, அத விடு. அந்த உபதேசியார் மெஷின ரிப்பேர் பண்ணணுமா, வேணாமா? நீ சொல்லு. நெசமாவே எனக்குத் தெரியலடி.”

எதைச் சொன்னாலும் அதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வாய் என்று பட்டது. ரிப்பேர் செய் என்றால் நான் உங்கள் பக்கம் கனிந்துவிட்டேன் என்று பொருள். வேண்டாம் என்றால் என் மனம் கடினப்பட்டிருக்கிறது என்று பொருள். “உங்க ஆளு, உங்க மெஷினு” என்றேன். கோரிப்பாளையத்தில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த மூன்று வாரம் உன் அழைப்புகளை எடுக்கவில்லை. பிறகு உன் அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டெங்கு. நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

அடக்க ஆராதனையிலும் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். செருப்பு மாட்டும்போது பேசிய அதே அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்காக அவ ரொம்ப ஜெபிச்சாம்மா.” கையை உருவிக்கொண்டேன். உன் பெட்டிக்கு முன்னால் நின்றபோதும் இவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் என் கவனம் பாதி இருந்தது. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

எனக்காக நீ என்ன கேட்டாய் என்று இன்றும் தெரியாது. நான் மாறவேண்டும் என்றா, என் வேலை நிலைக்கவேண்டும் என்றா, அம்மாவின் முட்டிவலிக்கா? நீ என்னைத் தோழியாக வைத்திருந்தாயா, வலைக்குள் வராத மீனாக வைத்திருந்தாயா? இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்று சில நாள் தோன்றும். அது எனக்குச் சௌகரியமான முடிவு என்பதால் அதையும் நம்புவதில்லை. யந்திரத்தைத் தொடவேண்டாம் என்பதே என் பதில். சொல்ல ஆளில்லாமல் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கதை சபை இதழில் வந்தது. உன் அப்பா ஒரு பிரதியை அனுப்பியிருந்தார். கடைசிப் பத்தியில் உபதேசியார் யந்திரத்தைச் சரிசெய்கிறார், சரியான பொருள் போய்ச் சேருகிறது, கிரகம் முழுவதும் மண்டியிடுகிறது. உன் அப்பாவை அழைத்து, “இத அவளாங்கய்யா எழுதுனா?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: “அவ நோட்டுல முடிவு இல்லம்மா. முடிவில்லாம போட முடியாதுன்னாங்க. செயலாளர்தான் எழுதிக் குடுத்தாரு. நான் சரின்னுட்டேன்.”

கதைக்குக் கீழே உன் பெயர் மட்டும்தான் இருந்தது. அடுத்த இதழில் வாசகர் கடிதங்கள் வந்தன. எல்லோருக்கும் முடிவு பிடித்திருந்தது.